வடமாகாண சபைத் தேர்தல்: மன்னார் மாவட்டத்தின் 5ஆவது ஆசனம் மரத்துக்குப் போனது எப்படி?

மடுவீதி:

வணக்கம். மன்னார் மாவட்டத்தின் பழைய தேர்தல் முடிவுகளை ஒரே அட்டவணையில் கொண்டுவரப் பார்க்கிறேன். மூன்று இடத்தில் சிக்கி நிற்கிறது.

முதலாவது, 2013 செப்டெம்பர் 21 வடமாகாண சபைத் தேர்தல். மன்னாருக்கு 5 ஆசனம். சின்னத்தால் சொன்னால் வீடு (தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு) 33,118 வாக்கு, வெற்றிலை (ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு) 15,104, மரம் (முஸ்லிம் காங்கிரஸ்) 4,571. ஆசனங்கள் முறையே 3, 1, 1. வெற்றிலை மரத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் வாக்கு எடுத்திருக்கிறது, ஆனால் இரண்டுக்கும் ஆளுக்கு ஒன்று. இது என்ன கணக்கு?

இரண்டாவது, பாராளுமன்ற முடிவுகளில் மன்னார் என்ற மாவட்டமே இல்லை, வன்னி என்றுதான் வருகிறது. அதை இதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடலாமா?

மூன்றாவது, 2013க்கு முந்திய மாகாண சபைத் தேர்தலில் மன்னார் எப்படி வாக்களித்தது என்று எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

கணக்கர்:

முதல் கேள்விக்கு மட்டும் நான் வருகிறேன். பேப்பரும் பேனையும் எடுங்கோ.

மன்னாரில் செல்லுபடியான வாக்கு 53,226. அதை 5ஆல் பிரித்தால் 10,645. ஒரு முழு ஆசனத்தின் விலை அதுதான்.

வீடு: 33,118க்குள் 10,645 மூன்று முறை போகும். 3 ஆசனம். மிச்சம் 1,183.
வெற்றிலை: 15,104க்குள் ஒருமுறை. 1 ஆசனம். மிச்சம் 4,459.
மரம்: ஒருமுறைகூடப் போகாது. ஆகவே 4,571 முழுவதும் மிச்சம்.

நாலு ஆசனம் போய்விட்டது, ஒன்று பாக்கி. பாக்கி ஆசனம் மிச்சம் கூடியவருக்கு. 4,571க்கும் 4,459க்கும் இடையில் 112 வாக்கு. அவ்வளவுதான். தசமத்தை மேலே ஏற்றிக் கணக்கிட்டாலும் கீழே விட்டாலும் ஒரு வாக்குதான் மாறும்.

இந்த 112ஐப் பார்த்துவிட்டு "வெற்றிலைக்கு இன்னும் 113 பேர் போட்டிருந்தால் கிடைத்திருக்கும்" என்று சொல்லிவிட வேண்டாம், பலர் விடுகிற பிழை அது. புதிதாக ஐந்து வாக்கு விழுந்தால் ஆசன விலையும் ஒன்று ஏறும். ஆகவே வாக்களிக்காமல் வீட்டில் இருந்தவர்கள் வந்து வெற்றிலைக்குப் போட்டிருந்தால் 140ஐத் தாண்டி வேண்டியிருக்கும். மரத்துக்குப் போட்டவர்களே மாற்றிப் போட்டிருந்தால் 57 பேர் போதும், ஏனென்றால் ஒரு பக்கம் ஏற மறு பக்கம் இறங்கும், மொத்தம் அசையாது.

வீடு நாலாவது ஆசனத்துக்கு அருகிலேயே வரவில்லை. அதன் மிச்சம் 1,183தான். 62 வீத வாக்கு எடுத்த கட்சிக்கு 60 வீத ஆசனம், அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. 8.6 வீதத்துக்கு 20 வீத ஆசனம் கிடைத்ததுதான் அதிர்ஷ்டம்.

தொகுதிவாசகன்:

மரம் 5 வீத வெட்டுப்புள்ளியைத் தாண்டினபடியால்தான் கிடைத்தது. தாண்டாவிட்டால் கணக்கிலேயே எடுத்திருக்க மாட்டார்கள். போனஸ் ஆசனம் வீட்டுக்குப் போயிருக்கும், அதுவும் அந்த 3க்குள் அடக்கம்.

கணக்கர்:

தொகுதிவாசகன், நீங்கள் சொல்வது இரண்டும் பாராளுமன்றக் கணக்கு. மாகாண சபைக்கு அது பொருந்தாது.

பாராளுமன்றத் தேர்தலில் ஒவ்வொரு தேர்தல் மாவட்டத்திலும் முதலில் வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். அதை முதலில் எடுத்துவைத்துவிட்டு மிச்ச ஆசனத்தைத்தான் பிரிப்பார்கள். 5 வீதத்துக்குக் குறைந்த கட்சிகளின் வாக்கைக் கழித்த பிறகுதான் பிரிப்பும் தொடங்கும். மாகாண சபையில் போனஸ் மாவட்டத்துக்கு இல்லை, மாகாணம் முழுவதற்கும் இரண்டு. மாகாணத்தில் கூடிய வாக்கு எடுத்த கட்சிக்கு இரண்டும் போகும். வடக்கில் மாவட்டங்களுக்கு 36 ஆசனம், போனஸ் 2, மொத்தம் 38. வீடு மாவட்டங்களில் வென்றது 28, போனஸோடு 30. வெற்றிலை 7, மரம் 1. அந்த ஒன்று இந்த மன்னார் ஆசனம்தான்.

5 வீத வெட்டும் மாகாண சபைக்கு இல்லை. 2014 மேல் மாகாண சபையில் கொழும்பு மாவட்ட முடிவை எடுத்துப் பாருங்கோ, 5 வீதத்தை எட்டாத கட்சிகளும் உள்ளே போயிருக்கின்றன.

இரண்டு முறைக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு பெரிது என்று பார்க்க மன்னாரின் அதே வாக்கை பாராளுமன்ற முறையில் போட்டுப் பாருங்கோ. போனஸ் ஒன்று வீட்டுக்கு. பாக்கி 4. மூன்று கட்சியின் வாக்கும் சேர்ந்து 52,793, நாலால் பிரித்தால் 13,198. வீட்டுக்கு 2, மிச்சம் 6,722. வெற்றிலைக்கு 1, மிச்சம் 1,906. மரத்துக்கு 4,571 மிச்சம். கடைசி ஆசனமும் வீட்டுக்கே. முடிவு 4, 1, 0. வாக்கு ஒன்றுகூட மாறவில்லை, சூத்திரம்தான் மாறியது.

சிறு கட்சிகளின் 433 வாக்கை மட்டும் கழித்து, போனஸ் இல்லாமல் 5 ஆசனத்தையும் பிரித்தால் என்ன என்று யாராவது கேட்பீர்கள். அப்போதும் மரத்துக்குத்தான், ஆனால் வித்தியாசம் 25, 26 வாக்குக்கு இறங்கிவிடும்.

வன்னிமேடு:

இரண்டாவது, மூன்றாவது கேள்விக்கு.

மாகாண சபைத் தேர்தலுக்கு அலகு நிர்வாக மாவட்டம். ஆகவே வடக்கில் ஐந்து: யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், முல்லைத்தீவு, வவுனியா. பாராளுமன்றத்துக்கு அலகு தேர்தல் மாவட்டம், வடக்கில் இரண்டே இரண்டு. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் கிளிநொச்சி அடக்கம். வன்னிக்குள் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் அடக்கம். பாராளுமன்ற முடிவில் மன்னார் ஒரு தேர்தல் தொகுதியாக மட்டும், ஒரு வரியாக நிற்கும். அந்த வரிக்கு ஆசனம் கிடையாது.

மூன்றாவது கேள்விக்குப் பதில் சுருக்கம். மன்னார் மாகாண சபைக்கு வாக்களித்தது ஒரேயொரு முறை, அது 2013தான். 1988 நவம்பரில் இணைந்த வடகிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல் வைத்தார்கள். கிழக்கில் வாக்களிப்பு நடந்தது. வடக்கின் 36 ஆசனமும் போட்டியில்லாமலே இரண்டு தமிழ்க் கட்சிகளுக்குப் போயின: ஈ.பி.ஆர்.எல்.எவ். 24, ஈ.என்.டி.எல்.எவ். 12. வாக்குப்பெட்டியே திறக்காத இடத்துக்கு வாக்கு எண்ணிக்கை எங்கிருந்து வரும்? அட்டவணையில் அந்த ஆண்டுக்கு "போட்டியின்றி" என்று எழுதுங்கோ. பூச்சியம் போட வேண்டாம். பிறகு யாராவது அதைச் சராசரிக்குள் சேர்த்துவிடுவார்கள்.

அந்தச் சபை 1990இல் முடிந்தது. 2006 ஒக்டோபரில் இணைப்புச் செல்லாது என்று உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 2007 தொடக்கம் வடக்கு வேறு, கிழக்கு வேறு. கிழக்குக்கு 2008இலேயே தேர்தல் வைத்தார்கள். வடக்குக்கு 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்கும் முந்திய காலத்தைச் சேர்ப்பதென்றால், 1977 வரை மன்னார் ஒருவரைத் தெரிவுசெய்யும் தொகுதி. கூடிய வாக்கு எடுத்தவர் வெற்றி, அவ்வளவுதான். 1947இல் சி. சிற்றம்பலம் சுயேச்சையாக வென்று தபால் தந்தி அமைச்சரானார். 1950களிலும் 60களிலும் தமிழரசுக் கட்சியின் வி. ஏ. அழகக்கோன். 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் பி. எஸ். சூசைதாசன். அந்த முடிவுகளைத் தனித் தாளில் வையுங்கோ. ஒருவர் தொகுதிக் காலத்து வாக்கு வீதத்தையும் விகிதாசாரக் காலத்து வீதத்தையும் ஒரே கோட்டில் இழுத்தால் படம் வடிவாக இருக்கும், அர்த்தம் இருக்காது. தொகுதிக் காலத்தில் ஆளைப் பார்த்து விழுந்த வாக்கு நிறைய.

மடுவீதி:

நன்றி வன்னிமேடு, நன்றி கணக்கர். 112 என்று பார்த்ததும் திரும்பவும் நானே கூட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது.

இன்னும் ஒன்று. பாராளுமன்ற முடிவில் மன்னார்த் தொகுதி வரியை மட்டும் எடுத்து, 2013 மாவட்ட முடிவோடு வைக்கலாம்தானே?

வன்னிமேடு:

வைக்கலாம், ஆனால் அப்படியே வைத்தால் பிழைக்கும். மூன்று இடத்தில் கவனம் வேண்டும்.

தபால்மூல வாக்கு. 2013 மன்னார் மொத்தத்துக்குள் மன்னாரின் தபால்மூல வாக்கு அடக்கம். பாராளுமன்ற முடிவில் தபால்மூல வாக்கு வன்னி முழுவதற்கும் ஒரே வரியாக வரும். அதில் மன்னாரின் பங்கைப் பிரித்தெடுக்க வழியில்லை. அரச ஊழியர் வாக்கு என்றபடியால் அதன் போக்கும் பொது வாக்கிலிருந்து விலகி நிற்கும். ஆகவே 2013இலும் தபால்மூல வரியைக் கழித்துவிட்டு, தொகுதி வரியோடு தொகுதி வரியை வையுங்கோ.

இடம்பெயர்ந்தோர் வாக்கு. 2010 வன்னி முடிவைப் பார்த்தால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, தபால்மூலம், இவற்றுக்குக் கீழே இடம்பெயர்ந்தோர் என்று இன்னொரு வரி நிற்கும். அதை விட்டுவிட்டால் மன்னார் முஸ்லிம் வாக்கில் நல்ல பகுதி காணாமல் போய்விடும்.

கட்சிப் பெயர். இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். 2004, 2010, 2013, 2015, 2020 எல்லாவற்றிலும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு இலங்கைத் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் கேட்டது. உத்தியோகபூர்வ அட்டவணையில் தமிழரசுக் கட்சி என்றுதான் இருக்கும். 2024இல் அப்படி இல்லை. வீடு தனியே, மற்றப் பங்காளிகள் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி என்று சங்குச் சின்னத்தில். 2020இன் வீட்டை 2024இன் வீட்டோடு ஒப்பிட்டு "கட்சி சரிந்தது" என்று எழுதினால் பாதிதான் சரி, சங்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சின்னத்தை ஒரு நிரலில், கட்சிப் பெயரை அடுத்த நிரலில், உண்மையில் யார் யார் கூட்டு என்பதை மூன்றாவதில் போடுங்கோ. பிறகு தலையிடி இல்லை.

எருக்கலம்பிட்டி_புத்தளம்:

இடம்பெயர்ந்தோர் வாக்கு பற்றி வன்னிமேடு சொன்னதற்கு மேலதிகமாக.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தங்கியது புத்தளம் மாவட்டத்தில். மன்னாரின் எருக்கலம்பிட்டி, தாராபுரம், முசலிப் பக்கத்து ஆட்கள் எல்லாம் அவர்களுக்குள் வருவார்கள். ஆள் புத்தளத்தில், வாக்கு மன்னாரில் என்ற நிலை இருபது ஆண்டுக்கு மேல் நீடித்தது. 2013இல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது: 2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க வாக்காளர்களைப் பதிவுசெய்தல் (சிறப்பேற்பாடுகள்) சட்டம். போரால் இடம்பெயர்ந்தவர்கள் சொந்த மாவட்ட வாக்காளர் இடாப்பில் பதிவாவதற்கு வழி.

ஆகவே மன்னாரில் "பதிந்த வாக்காளர்" என்ற எண்ணை அங்கு குடியிருப்பவர் எண்ணாக எடுக்க வேண்டாம். வாக்களிப்பு வீதம் குறைந்து தெரிந்தால், உள்ளூரில் ஆர்வம் இல்லை என்று எழுதிவிடவும் வேண்டாம். வாக்கைப் போட ஒரு நாள் பயணம் போய்வர வேண்டியவர்களும் அந்த இடாப்பில் இருக்கிறார்கள். 2019 ஜனாதிபதித் தேர்தல் அன்று புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போன பஸ் தொடர் மீது தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்ச்சேதம் இல்லை. இந்தப் பயணம் சும்மா ஒரு அசௌகரியம் மட்டும் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

முஸ்லிம் வாக்கைப் படிக்கும்போது இன்னொன்று. 2013இல் அது பிரிந்துதான் போனது. றிசாட் பதியுதீனின் கட்சி (மக்கள் காங்கிரஸ்) வெற்றிலையில் கேட்டது, முஸ்லிம் காங்கிரஸ் தனியே மரத்தில் கேட்டது. கடைசி ஆசனத்துக்குப் போட்டி போட்ட இரண்டு மிச்சமும் ஏறக்குறைய ஒரே ஊர்களைப் பார்த்துத்தான் நின்றன. றிசாட் 2010இல் வெற்றிலை, 2015இல் யானை (ஐக்கிய தேசியக் கட்சி), 2020இலும் 2024இலும் தொலைபேசி (ஐக்கிய மக்கள் சக்தி). சின்னத்தை மட்டும் பின்தொடர்ந்தால் அந்த வாக்கு எங்கே போய் எங்கே வந்தது என்று பிடிபடாது.

மடுவீதி:

இது நான் யோசிக்காத பக்கம். நன்றி.

ஆசன எண்ணிக்கையிலும் ஒரு சந்தேகம். 2013இல் மன்னாரில் பதிந்தவர்கள் 75,737, ஆசனம் 5. முல்லைத்தீவில் 53,683, அதற்கும் 5. கிளிநொச்சியில் 68,600, அதற்கு 4. இது எப்படி?

கணக்கர்:

மாகாண சபை ஆசனம் வாக்காளர் எண்ணிக்கையில் மட்டும் வருவதில்லை. குடித்தொகை 40,000க்கு ஒன்று, பரப்பளவு 1,000 சதுர கிலோமீற்றருக்கு ஒன்று, இரண்டும் சேர்ந்ததுதான். காடும் குளமும் ஆசனம் எடுத்துத் தரும்.

2012 குடிசன மதிப்பீட்டை வைத்துப் போட்டுப் பாருங்கோ. மன்னார் 99,570 பேர், அதாவது 2.5. பரப்பு சுமார் 2,000 சதுர கிலோமீற்றர், அதற்கு 2. கூட்டினால் 4.5 அளவில். கிளிநொச்சி 113,510 பேர், 2.8. ஆனால் பரப்பு 1,279தான், 1.3. கூட்டினால் 4.1. முல்லைத்தீவு 92,238 பேர், 2.3, பரப்போ 2,617, ஆகவே 2.6. கூட்டினால் 4.9. ஆள் கூடிய கிளிநொச்சிக்கு 4, ஆள் குறைந்த முல்லைத்தீவுக்கு 5 என்பதன் காரணம் இதுதான்.

யாழ்ப்பாணத்துக்காரர்தான் இதில் நட்டப்பட்டவர். 426,813 வாக்காளருக்கு 16 ஆசனம், ஒரு ஆசனத்துக்கு 26,676 பேர். மன்னாரில் 15,147 பேர்.

வேட்பாளர் பட்டியலும் இதைத்தான் பின்பற்றும். ஆசனத்தோடு மூன்று கூட்டி, மன்னாரில் ஒரு கட்சிக்கு 8 பேர். வாக்குச்சீட்டில் மேலே கட்சியும் சின்னமும், கீழே 1 முதல் 8 வரை விருப்பு இலக்கம். முதலில் கட்சிக்குப் புள்ளடி, பிறகு விரும்பினால் ஒன்று முதல் மூன்று இலக்கத்துக்குப் புள்ளடி. கட்சியை விட்டுவிட்டு இலக்கத்துக்கு மட்டும் போட்டால் சீட்டு நிராகரிக்கப்படும். மூன்றுக்கு மேல் போட்டால் கட்சி வாக்கு நிற்கும், விருப்பு வாக்கு மட்டும் போய்விடும்.

இன்னொரு விஷயம் அட்டவணையில் விளங்காமல் நிற்கும், அதனால் இப்போதே சொல்கிறேன். விருப்பு வாக்கு அந்தந்த மாவட்டப் பட்டியலுக்குள் மட்டும்தான். முதலமைச்சர் வேட்பாளர் சி. வி. விக்னேஸ்வரன் எடுத்த 132,255 விருப்பு வாக்கும் யாழ்ப்பாண மாவட்டத்தில் விழுந்தது. மன்னார் வாக்காளர் அவரைத்தான் விரும்பினாலும் அவர் இலக்கத்துக்குப் புள்ளடி போட முடியாது, வீட்டுக்குப் போட்டுவிட்டு மன்னார்ப் பட்டியலில்தான் ஆளைத் தெரிவுசெய்ய வேண்டும். அதில் தெரிவான பா. டெனீஸ்வரன் மாகாண மீன்பிடி, போக்குவரத்து அமைச்சரானார்.

தொகுதிவாசகன்:

கணக்கர், திருத்தியதற்கு நன்றி. பாராளுமன்றக் கணக்கைத்தான் மனதில் வைத்திருந்தேன்.

அப்படியானால் வன்னியில் 5 வீத வெட்டு உண்மையில் வேலை செய்த தேர்தல் ஏதாவது இருக்கிறதா?

கணக்கர்:

2020. வன்னிக்கு 6 ஆசனம். வீடு 69,916, மொட்டு (பொதுஜன பெரமுன) 42,524, தொலைபேசி 37,883, வீணை (ஈ.பி.டி.பி.) 11,310.

வீணைக்கு 5.44 வீதம். வெட்டுப்புள்ளி ஏறக்குறைய 10,395 வாக்கில் இருந்தது, தொள்ளாயிரத்துச் சொச்சத்தால் தாண்டியது. மற்றச் சிறு கட்சிகள் எல்லாம் வெட்டுக்குக் கீழே. போனஸ் வீட்டுக்கு. நாலு கட்சியின் 161,633ஐ 5ஆல் பிரித்தால் 32,327 அளவில். வீடு 2, மிச்சம் 5,262. மொட்டு 1, மிச்சம் 10,197. தொலைபேசி 1, மிச்சம் 5,556. வீணை முழு 11,310 மிச்சத்தோடு கடைசி ஆசனத்தை எடுத்தது. போனஸோடு வீடு 3, மற்ற மூன்றுக்கும் ஒவ்வொன்று.

2013 மன்னாரையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. இரண்டிலும் ஒரு முழு ஆசனத்துக்குக் கிட்டவும் வராத கட்சி, பெரிய கட்சியின் மிச்சத்தைத் தாண்டிக் கடைசி ஆசனத்தை எடுத்திருக்கிறது. பெரிய கட்சிக்கு விலை கழித்த பிறகு மிஞ்சுவதுதான் மிச்சம், சின்னக் கட்சிக்கு எடுத்த வாக்கு முழுவதும் மிச்சம்.

வன்னிமேடு:

2024ஐயும் சேர்த்துவிடுங்கோ: திசைகாட்டி (தேசிய மக்கள் சக்தி) 2, தொலைபேசி 1, வீடு 1, சங்கு 1, கங்காரு (இலங்கைத் தொழிற் கட்சி) 1. ஆறு ஆசனத்துக்கு ஐந்து கட்சி. தேசிய மக்கள் சக்தி ஏறக்குறைய 20 வீதத்தோடு முதலிடம் வந்து போனஸை எடுத்தது. 2015இல் வீடு 54.55 வீதத்தோடு 4 எடுத்த அதே வன்னிதான் இது.

ஆனால் இதை மன்னாருக்கு என்று எழுத வேண்டாம், மூன்று மாவட்டத்தின் கூட்டு இது.

மடுவீதி:

சரி. கடைசியாக ஒன்று. அடுத்த மாகாண சபைத் தேர்தல் வந்தால் இதே சூத்திரம்தானா? அட்டவணையின் கீழே ஒரு வரி எழுத வேண்டும்.

வன்னிமேடு:

அந்த வரியை இப்போதைக்கு வெறுமையாக விடுங்கோ.

2013 சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதற்குப் பிறகு மாகாணம் ஆளுநரின் கையில். அதற்கு முதல் வருடமே, 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் தேர்தல் முறையை மாற்றிவிட்டார்கள்: பாதி தொகுதி, பாதி விகிதாசாரம். தொகுதி வேண்டுமென்றால் எல்லை வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139, ஆதரவாக ஒருவரும் இல்லை, கொண்டுவந்தவர்களே எதிர்த்துப் போட்டார்கள். பழைய முறையும் சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லையும் இல்லை. தேர்தல் நிற்கிற இடம் அதுதான்.

பழைய முறைக்குத் திரும்பச் சட்டம் திருத்தினால் கணக்கர் போட்ட கணக்கு அப்படியே நிற்கும். புதிய முறை என்றால் மன்னாரின் ஆசனங்களில் பாதியைத் தொகுதியாக வெட்ட வேண்டும், முசலியும் மன்னார்த் தீவும் எந்தக் கோட்டுக்குள் விழுகின்றன என்பதிலேயே முடிவின் பாதி இருக்கும். அப்போது 2013ஐ அதோடு ஒப்பிட, கிராம அலுவலர் பிரிவு மட்டத்தில் வாக்கு வேண்டும். நமக்குக் கிடைப்பது மாவட்டக் கூட்டுத்தொகை.

மடுவீதி:

வெறுமையாகவே விடுகிறேன். 1988க்கு "போட்டியின்றி", 2013க்கு முழு விவரம், பாராளுமன்றம் தனித் தாளில், தபால்மூலமும் இடம்பெயர்ந்தோரும் தனி நிரலில். கூட்டிப் பார்த்துவிட்டு இங்கேயே போடுகிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கோ.